பழைய படைத் துப்பாக்கிகளின் பொறிப்புகளைப் படித்தறிதல்: நெல்லைச் சீமைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பழைய படைத் துப்பாக்கி கண்ணில் படக்கூடிய இடங்கள் சில உண்டு. தேசிய மாணவர் படையில் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் பாளையங்கோட்டையில் தோளில் ஏந்தி நடைபழகுவது பெரும்பாலும் சுட இயலாதபடி ஆக்கப்பட்ட ‘த்ரீ நாட் த்ரீ’ (.303) துப்பாக்கியாக இருக்கும். ஜமீன் வழிவந்த வீடுகளிலும் பெரிய பண்ணை வீடுகளிலும், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கி ஒன்று கூடத்துச் சுவரில் தொங்குவதும், அதன் வயது பற்றி வீட்டார் ஆளுக்கொரு கணக்குச் சொல்வதும் வழக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் படைகள் கழித்த துப்பாக்கிகளைத் தனியார் விலைக்கு வாங்கிச் சேர்ப்பது பல தலைமுறைப் பழக்கம். இந்தியாவில் அப்படிப்பட்ட பொதுச் சந்தை கிடையாது. ஆகவே இந்தத் துறையில் ஆர்வம் கொண்டு வரும் நம் ஊர்க்காரர் முதலில் சேர்க்க வேண்டியவை பொறிப்புகளைப் பற்றிய அறிவும், பார்த்தவற்றின் பதிவுகளுமே. பொருளைச் சேர்ப்பது அதற்குப் பிறகு வருவது. அதுவும் சட்டம் விட்டிருக்கும் எல்லைக்குள்.

முதலில் சட்டம்

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தையும் 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளையும் ஒருமுறையேனும் படித்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். .303 அல்லது 7.62 மி.மீ. படைத் தோட்டா போட்டுச் சுடக்கூடிய துப்பாக்கிகளும், .410 மஸ்கட் (குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ள நீளத் துப்பாக்கி) தோட்டா ஏற்கும் துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. மாவட்ட நிர்வாகம் வழங்கும் சாதாரண உரிமம் இவற்றுக்குச் செல்லாது. துப்பாக்கி நூறு வயதைக் கடந்தது என்பதோ, தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்தது என்பதோ விலக்கு ஆகாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட வகையை உரிமமின்றி வைத்திருப்பதற்கு 7 ஆண்டுக்குக் குறையாமல் 14 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதே திருத்தம், ஒருவர் உரிமத்தில் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் உச்ச எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வரிசையாகப் பத்துத் துப்பாக்கிகளைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பது நம் நாட்டில் அருங்காட்சியகத்துக்கு மட்டுமே கூடும் என்பதைப் புதியவர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வடிவிலோ தொன்மை மதிப்போடோ பழுதுபட்டோ இருந்து, செப்பனிட்டாலும் செப்பனிடாவிட்டாலும் சுடப் பயன்படாத ஆயுதத்தை உரிமத் தேவையிலிருந்து விலக்குகிறது. இந்தப் பிரிவைக் காட்டித்தான் பலரும் தம் வீட்டுப் பழந்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்று சொல்வார்கள். அதில் வரும் ‘செப்பனிட்டாலும்’ என்ற நிபந்தனையை அவர்கள் கவனிப்பதில்லை. குழல் நன்றாக இருந்து, உடைந்த விசையை ஒரு கொல்லர் அரை நாளில் சரிசெய்துவிடலாம் என்றால் அந்தத் துப்பாக்கி விலக்குக்குள் வராது. எனவே வாய்வார்த்தையை நம்பாமல், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் விசாரித்து, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

பரணில் எதிர்பாராமல் ஒரு துப்பாக்கி அகப்பட்டாலோ, உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டாலோ, தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி வைத்தால், வாரிசுக்கு உரிமம் கோரும்போது அது கைகொடுக்கும். உரிமதாரர் உயிரோடிருக்கும்போதே, 70 வயதை எட்டிய பிறகோ 25 ஆண்டு வைத்திருந்த பிறகோ, வாரிசு பெயருக்கு மாற்றவும் 2016 விதிகளில் வழி இருக்கிறது. குடும்பத்தில் சச்சரவு எழுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவது உத்தமம்.

எந்தக் காலத்தது என்று முதலில் பிரித்தல்

நம் பக்கத்தில் புதியவரை அதிகம் குழப்புவது காலக்கணக்குத்தான். ‘கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி’ என்று சொல்லிக் காட்டப்படும் ஒன்றைப் பார்த்தால், முதலில் அதன் தீப்பற்றும் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பாளையக்காரர் காலத்தில் இரண்டு வகைகள் புழங்கின: எரியும் திரியைத் தாழ்த்தி மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கி, எஃகில் கல்லை அடித்துப் பொறியெழுப்பும் கல்லடித் துப்பாக்கி. கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் கையில் இருந்தது இரண்டாவது வகையைச் சேர்ந்த, பிரவுன் பெஸ் என்று அழைக்கப்பட்ட மஸ்கட்டின் இந்திய வடிவம். குழல் 39 அங்குலம், துளை ஏறக்குறைய முக்கால் அங்குலம். சிறிய செப்புக் கேப்பைப் பொருத்தி அடிக்கும் அமைப்பு பிரிட்டிஷ் படைக்கு வந்தது 1840ஐ ஒட்டித்தான். ஆகவே கேப்பு பொருத்தும் முளையோடு இருக்கும் துப்பாக்கி 1799இல் அந்த உருவில் பாஞ்சாலங்குறிச்சியில் இருந்திருக்க வழியில்லை. கல்லடித் துப்பாக்கியைப் பின்னாளில் கேப்பு அமைப்புக்கு மாற்றியதும் உண்டு. மாற்றப்பட்டதில் பழைய திருகுத்துளைகளை அடைத்த தடம் விசைத்தகட்டில் (விசை அமைப்பைத் தாங்கும் பக்கத் தகட்டில்) தெரியும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அதே 1799 அக்டோபரில், மேஜர் பானர்மன் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும், துப்பாக்கி, வேல் முதலிய ஆயுதங்களை ஒப்படைக்கவும் அறிக்கை வெளியிட்டார். 1801 போருக்குப் பிறகு கெடுபிடி மேலும் இறுகியது. இத்தனை பறிமுதலுக்கும் தப்பி ஒரு பாளையத்துத் துப்பாக்கி இன்று கைக்குக் கிடைப்பது மிக அரிது என்பதால், அப்படிச் சொல்லி விலைபேசுகிறவரிடம் என் முதல் எண்ணம் எப்போதும் ஐயமாகவே இருக்கும்.

பிறகு பிரிட்டிஷ் படைக்கு வந்தவை வரிசையாக இவை. 1853 மாதிரி என்ஃபீல்டு, 1857 கிளர்ச்சியில் பேசப்பட்ட கொழுப்புத் தடவிய தோட்டாவுக்குரியது. 1860களில் வந்த ஸ்னைடர் பின்வழியே தோட்டா ஏற்றுவது, 1871இல் மார்ட்டினி-ஹென்றி, 1888இல் லீ-மெட்ஃபோர்டு, 1895இல் லீ-என்ஃபீல்டு, 1907இல் அதன் குட்டை வடிவத்தின் மூன்றாம் மார்க் (‘மார்க்’ என்பது மாதிரியின் வரிசை எண்). இந்தக் கடைசி வகைதான் இரண்டு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் கையிலும், பிறகு நெடுங்காலம் காவலர்கள் தோளிலும் இருந்த த்ரீ நாட் த்ரீ.

பொறிப்புகளைப் படிக்கும் வரிசை

படிப்பதற்குப் பொருள் நம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. உரிமதாரர் அல்லது பொறுப்பாளர் முன்னிலையில், அவரே போல்ட்டைத் (தோட்டா அறையைப் பின்னிருந்து அடைக்கும் கைப்பிடியுள்ள உருளையை) திறந்து துப்பாக்கி காலி என்று காட்டிய பிறகு பார்க்கலாம். பெருவிளக்கு வேண்டாம், ஒரு சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் உரசினால் ஒரு படியும் கிடைக்கும். சுரண்டுவதும் உப்புத்தாள் போடுவதும் கூடவே கூடாது.

லீ-என்ஃபீல்டில் தொடங்க வேண்டிய இடம், பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தின் வலப்புறம். அங்கே மேலிருந்து கீழாக ஒரு கிரீடம், அரசரின் எழுத்துகள், தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மார்க் எண் ஆகியவை இருக்கும். வி.ஆர். என்றால் விக்டோரியா, அவர் இறந்தது 1901 ஜனவரியில். இ.ஆர். என்றால் ஏழாம் எட்வர்டு, 1910 வரை. ஜி.ஆர். என்பது ஐந்தாம் ஜார்ஜுக்கும், பின்னர் 1936 முதல் 1952 வரை ஆறாம் ஜார்ஜுக்கும் பொது. ஜி.ஆர்.ஐ. என்று மூன்றெழுத்தாக இருந்தால் கடைசி எழுத்து பேரரசர் என்பதைக் குறிக்கும். அது வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் வேலையில் காணப்படுவது. தொழிற்சாலைப் பெயர்களில் என்ஃபீல்டும் பி.எஸ்.ஏ.யும் (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) எல்.எஸ்.ஏ.யும் (லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ்) இங்கிலாந்து, லித்கோ ஆஸ்திரேலியா. மார்க் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் முதல் உலகப் போர்க்கால எளிமைப்படுத்தல்; தோட்டாப்பெட்டியை மறைக்கும் தகடு முதலிய சில உறுப்புகளை விட்டுவிட்டு விரைவாகச் செய்தது.

இந்தியா குடியரசான பிறகு இஷாப்பூரில் கிரீடம் போய் அசோகரின் சிங்கமுகம் வந்தது, பெயர் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்று சுருங்கியது. 1960களில் அங்கேயே 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவற்றில் 2ஏ, 2ஏ1 என்ற பெயர்கள் இருக்கும். பழைய .303ஐ மாற்றியமைத்தவை இவை என்ற பேச்சு இன்றும் அடங்கவில்லை. உண்மையில் இவை வலிமை கூடிய எஃகில் புதிதாகச் செய்யப்பட்டவை. குறிபார்க்கும் தகடு 2ஏ-வில் 2000 வரையும், 2ஏ1-இல் 800 வரையும் அளவிடப்பட்டிருப்பது இரண்டையும் பிரித்தறியும் எளிய வழி.

அடுத்து எண்கள். குழல் பொருந்தும் வளையத்திலும், போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும், குழலிலும், குறிபார்க்கும் தகட்டின் அடியிலும், குழல் முனையின் உலோக மூடியிலும் ஒரே வரிசை எண் இருந்தால், துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வந்தபடியே உறுப்புகள் மாறாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். இந்தியாவில் இருந்தவற்றில் இது அரிது. ஆயுதக் கிடங்குகளில் பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் கோக்கும்போது உறுப்புகள் இடம்மாறும். பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறிப்பார்கள். எஃப்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தும் ஓர் ஆண்டும் இருந்தால் அது தொழிற்சாலையில் முழுச் சீரமைப்புப் பெற்ற ஆண்டு.

அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் குறிப்பது. அதன் கீழ் ஐ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசின் உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், படையிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். கிரீடத்தோடு குறுக்கிட்ட இரண்டு கொடிகள் படைத்துறைச் சோதனையில் தேறியதற்கு அடையாளம். டி.பி. என்ற எழுத்துகள் நடைபயிற்சிக்கு மட்டுமே என்று அறிவிப்பவை. இ.ஒய். என்று கண்டால், ஆபத்துக்காலத்தில் மட்டும் தோட்டா போட அனுமதிக்கப்பட்ட தேய்ந்த துப்பாக்கி.

மரப்பகுதியிலும் செய்தி உண்டு. பின்கட்டையில் எஸ், பி, எல் என்ற எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது கட்டையின் நீள அளவு. முதல் உலகப் போரின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட பின்கட்டைகளின் வலப்புறத்தில் ஓரங்குலப் பித்தளை வட்டம் பதித்திருக்கும். படைப்பிரிவின் சுருக்கமும் துப்பாக்கியின் வரிசையும் அதில் வெட்டப்பட்டிருக்கும் என்பதால், வரலாற்றில் ஈடுபாடு உள்ளவருக்கு முழுத் துப்பாக்கியைவிட இந்த வட்டமே அதிகம் பேசும். முன்கட்டையின் குறுக்கே கூடுதலாக ஒரு திருகு இருந்தால் இஷாப்பூர் கைவேலை. முன்பகுதி முழுவதும் செப்புக்கம்பி சுற்றியிருந்தால், கையெறிகுண்டு வீசும் கிண்ணம் பொருத்துவதற்காக வலுப்படுத்தப்பட்டது. யாரோ உடைந்த கட்டையைக் கட்டிவைத்தார்கள் என்று எண்ணிக் கம்பியை அவிழ்த்துவிடக் கூடாது.

காவல்துறையின் .410 மஸ்கட் தனிக்கதை. .303 உருவத்திலேயே, குழலின் வரிச்சுழலை (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்களை) நீக்கி வழவழப்பாக்கி, தோட்டாப்பெட்டி இருக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி இஷாப்பூரில் மாற்றினார்கள். கலவரத்தில் எவரேனும் பறித்துக்கொண்டாலும் படைத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது என்பது பயன். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதையும் .303 என்றே எழுதிவிடுவார்.

இன்னும் பழைய கல்லடித் துப்பாக்கியில் விசைத்தகட்டைப் பார்க்க வேண்டும். நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் கும்பினியின் எழுத்துகள் இருந்தால் 1808க்கு முற்பட்டது. முன்கால்களில் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம் இருந்தால் பிற்பட்டது.

போலிகள்

போலிகள் இரண்டு வழியில் வருகின்றன. வடமேற்கு எல்லையின் கைபர் கணவாய்ப் பட்டறைகளில் கையாலேயே செய்யப்பட்ட என்ஃபீல்டுகளும் மார்ட்டினிகளும் ஒரு வகை. ஆங்கிலம் அறியாத கொல்லர் பார்த்துப் பொறித்ததால் எழுத்துக்கூட்டு தவறும், எழுத்து இடவலம் மாறும், வி.ஆர். என்ற எழுத்துக்குக் கீழே 1908 என்று ஆண்டு வரும். ராணி இறந்து ஏழு ஆண்டு கழித்து அவர் பெயரில் துப்பாக்கி செய்திருக்க முடியாது என்பது, அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு உடனே புலப்படும். இவற்றுக்கும் தமக்கென ஒரு வரலாற்று மதிப்பு உண்டு. என்ஃபீல்டு என்று நம்பி வாங்குவதுதான் குற்றம்.

இரண்டாவது வகை, கைவினைக் கடைகளில் விற்கும் அலங்காரத் துப்பாக்கி. கிரீடமும் டவர் (லண்டன் டவர் ஆயுதக் கிடங்கின் பொறிப்பு) என்ற சொல்லும் பழைய ஆண்டும் பளிச்சென்று இருக்கும். அச்சுக்கட்டி அடித்த எழுத்தின் அடி கூர்மையாகவும் விளிம்பு சற்று எழும்பியும் இருக்கும். வார்ப்பில் வந்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பள்ளத்தில் மணல்துளைகள் தெரியும். மருந்துக்கு நெருப்பு செல்லும் துளை குழலுக்குள் போகிறதா என்று பார்த்தால் மீதி ஐயமும் தீர்ந்துவிடும்.

மதிப்பு

ரூபாயில் ஒரு தொகை சொல்லச் சொல்லிப் பலரும் கேட்பார்கள். தடைசெய்யப்பட்ட வகைக்குச் சட்டப்படி தனியார் சந்தையே இல்லாதபோது விலை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஊர்ப்பக்கம் அடிபடும் லட்சக்கணக்குகளை நம்பி எவரும் பரணைத் துழாவ வேண்டாம். உரிமத்தில் வாங்கக்கூடியவற்றில், 1980களுக்குப் பிறகு தனியார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால் பழைய சீமைத் துப்பாக்கிகளுக்குக் கிராக்கி அதிகம். .303 தனியாருக்குக் கிடையாது என்பதாலேயே இந்தியத் தொழிற்சாலைகள் அதே லீ-என்ஃபீல்டு போல்ட் அமைப்பில் .315 வேட்டைத் துப்பாக்கியைச் செய்தன. அந்த அமைப்பைச் சட்டப்படி கையில் வைத்திருக்க விரும்புகிறவருக்கு உகந்த வழி அதுவே.

வெளிநாட்டுச் சந்தையில் மதிப்பை ஏற்றுவன எண்கள் ஒத்திருப்பது, முதல் பூச்சு மாறாதிருப்பது, குறைந்த அளவே செய்யப்பட்ட ஆண்டு, படைப்பிரிவு அடையாளம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற எழுத்துச் சான்று ஆகியவை. இறக்குபவை துருக்குழிகளும் அறுத்துக் குட்டையாக்கிய முன்கட்டையும் மெருகேற்றிய உலோகமும். கடைசியாகச் சொன்னதில்தான் நம்மவர்கள் தவறுவது அதிகம். பித்தளை வட்டத்தைப் புளி போட்டுத் துலக்கினால் வாசலில் வைத்த குத்துவிளக்குப் போல மின்னும். அதில் வெட்டிய எழுத்து மங்கும். ஆயுத பூசைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு அடுத்த ஆண்டு வரை அப்படியே இருந்தால் எழுத்தின் பள்ளத்துக்குள் துரு பிடிக்கும். பூசை முடிந்த அன்றே உலர்ந்த துணியால் துடைத்து, இயந்திர எண்ணெயை மெலிதாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் காறிப் பிசினாகிவிடும். உவரி, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வீசுவதால் மாதந்தோறும் பார்த்துக்கொள்வது அவசியம்.

வாங்கிச் சேர்க்கக்கூடியவை

படைத் துப்பாக்கியைச் சுற்றியுள்ள துணைப்பொருள்களே புதியவருக்கு ஏற்றவை: பின்கட்டைக்குள் வைக்கும் பித்தளை எண்ணெய்க்குப்பி, 1908, 1937 மாதிரிப் பட்டைத்துணிப் பைகள், பழைய பயிற்சிக் கையேடுகள், அணிவகுப்புப் புகைப்படங்கள், பதக்கங்கள். இரண்டாம் உலகப் போருக்காக இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கங்களில் எண்ணும் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், நம் மாவட்டத்து வீரர் ஒருவரின் சேவையைத் தேடிப் பிடிக்க அவை நல்ல தொடக்கம். பயோனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி) ஆசை வரும். 1907 மாதிரியின் 17 அங்குல அலகில் மாதிரி ஆண்டு, செய்த மாதமும் ஆண்டும், செய்தவர் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு படைக்கலப் பட்டியலில் வருவது. தம் பகுதியில் அதற்கு உரிமக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வாங்க வேண்டும். தோட்டா ஒன்றேனும் வேண்டவே வேண்டாம். சட்டத்தில் தோட்டாவின் உறுப்புகளும் தோட்டாவாகவே கொள்ளப்படும்.

பார்த்துப் பழகச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகமும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும், அதே எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் உள்ள காவல் அருங்காட்சியகமும் உதவும். கண்ணாடிக்கு வெளியே நின்றே கழுத்துப் பொறிப்பையும் விசைத்தகட்டையும் படிக்க முடிகிறதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு பதிவேட்டில் எல்லாப் பொறிப்புகளையும் படத்தோடு குறித்துவைப்பது நல்லது. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து துப்பாக்கிகள் ஒரே அறையில் கிடந்து திரும்பும்போது, தம்முடையதைத் தாம்தான் பெற்றோம் என்று உறுதிசெய்யவும், போல்ட் மாறிவிட்டால் உடனே சுட்டிக்காட்டவும் அந்தப் பதிவேடு வேண்டும்.

வெளிநாட்டில் குடியேறிய உறவினர் அங்கே ஓர் இஷாப்பூர் துப்பாக்கியைச் சட்டப்படி வாங்கியிருந்தால், அதை ஊருக்குக் கொண்டுவரும் பேச்சையே எடுக்கக் கூடாது. இங்கிருந்து நூறு ஆண்டு கடந்த பொருளை அனுப்புவதும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். கழுத்தின் வலப்புறம், குழல் வளையம், போல்ட் கைப்பிடி, குழல் முனை மூடி, பின்கட்டை ஆகிய ஐந்து இடங்களைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் போதும். இறக்குமதியாளர் பெயர் குழலில் பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து.